முப்பது வருடத்துக் கிளிப்பர் புரோகிராமை என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக: ஈரோட்டில் மஞ்சள் கமிஷன் மண்டி. 1994இல் கிளிப்பர் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி வாங்கிய புரோகிராமில்தான் வரத்து, ஏலம், தரகு, சாக்குக் கழிவு, பட்டுவாடா எல்லாம் இதுவரை ஓடியது. பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. புது விண்டோஸ் 11 அதைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. எழுதியவருக்கு எழுபது வயது. இந்த மொழி தெரிந்த பையன்கள் கிடைப்பதில்லை. மொழி செத்தே போய்விட்டதா, இல்லை உயிரோடு வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா?

வழி இருக்குங்க. ஆனால் எக்ஸிஇ-யை, அதாவது ஓடும் கோப்பை, எப்படியாவது ஓட வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தால் நாலைந்து வருடத்தில் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். புரோகிராமர் எழுதிய மூல வரிகள், அதாவது சோர்ஸ், உங்கள் கையில் இருக்க வேண்டும். சோர்ஸை ஓடும் புரோகிராமாக மாற்றுவது கம்பைலர்; இன்றைய கம்பைலரில் அதைக் கட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது வேண்டும். மற்றதெல்லாம் சில்லறை வேலை.

மொழி சாகவில்லை, அதை விற்ற கம்பெனிதான் விட்டுவிட்டுப் போனது. டிபேஸ் என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளின் வழியில் வந்த கிளிப்பரை நான்டக்கெட் என்ற நிறுவனம் 1985இல் கொண்டுவந்தது. 1992இல் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. 5.3க்குப் பிறகு வளர்ச்சி நின்றது. கூடப் பிறந்த மாதிரியான ஃபாக்ஸ்புரோவுக்கு இனிப் புது வெர்ஷன் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் 2007இல் அறிவித்து, 2015 ஜனவரியோடு ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. கிளிப்பருக்கு மட்டும் ஒரு அதிர்ஷ்டம். ஸ்பெயின்காரரான அன்டோனியோ லினாரெஸ் 1999இல் தொடங்கிவைத்த ஹார்பர் என்ற இலவசத் திறமூலக் கம்பைலர், பழைய கிளிப்பர் சோர்ஸை அப்படியே எடுத்து 32 பிட், 64 பிட் புரோகிராமாகக் கட்டித் தருகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அதில் கட்டிய உங்கள் புரோகிராமின் சோர்ஸை ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் அதன் உரிமத்தில் இல்லை. ஃபாக்ஸ்புரோவை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களைவிட உங்கள் நிலைமை எவ்வளவோ தேவலை.

விண்டோஸ் 11 மறுப்பதற்குக் காரணம் எளிது. கிளிப்பர் கட்டியது, விண்டோஸுக்கு முந்தைய டாஸுக்கான 16 பிட் புரோகிராம். 64 பிட் விண்டோஸில் அதை ஓட்டும் பகுதியே கிடையாது, விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பும் கிடையாது. இந்த வாரம் கடை ஓட வேண்டுமென்றால் விடாஸ் என்ற சிறு மென்பொருளில் போட்டு ஓட்டுங்கள். டாஸ்பாக்ஸைப் பலர் சொல்வார்கள். அது விளையாட்டுகளுக்காக எழுதியது. தனி மெஷினில் பரவாயில்லை. இரண்டு பேர் ஒரே கோப்பைத் திறக்கும் இடத்தில், ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் ரெக்கார்டு லாக் சரியாகப் போய்ச் சேராது, ஒருவர் போட்ட எடையை இன்னொருவர் அழித்துவிடுவார். ‘டாஸ் எர்ரர் 4’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். திறக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை போதவில்லை என்று அர்த்தம். ஃபைல்ஸ் எண்ணிக்கையையும் ‘செட் கிளிப்பர்’ அளவையும் 120 ஆக்கினால் போகும். இதெல்லாம் தற்காலிகம்.

இனி சோர்ஸ். பிஆர்ஜி என்று முடியும் கோப்புகள்தான் உயிர். கூடவே பொது வரையறைகள் உள்ள சிஎச் கோப்புகள், எதை எதோடு இணைப்பது என்று சொல்லும் எல்என்கே அல்லது ஆர்எம்கே கோப்பு. பழைய கம்ப்யூட்டர் செத்தாலும் ஹார்டு டிஸ்க் செத்திருக்க வேண்டியதில்லை. கழற்றி ஐடிஇ–யூஎஸ்பி கேபிளில் மாட்டிப் பாருங்கள், எழுதியவர் ஒரு பிரதியை அங்கேயே விட்டுப் போயிருக்கலாம். அவர் வீட்டு ஃப்ளாப்பிகளையும் கேளுங்கள். சுத்தமாக எங்கேயும் இல்லையென்றால் கடைசி வழி ஒன்று உண்டு. கிளிப்பர் எக்ஸிஇ-க்குள் இருப்பது பெரும்பாலும் பி-கோடு என்ற இடைநிலை வடிவம் என்பதால், அதிலிருந்து சோர்ஸைத் திரும்ப எடுக்கும் கருவிகள் அந்தக் காலத்திலேயே விற்றன, வால்கைரி அதில் ஒன்று. வருகிற சோர்ஸில் குறிப்புரைகள் இருக்காது, லோக்கல் மாறிகளின் பெயர்களும் போயிருக்கும். ஆனாலும் கணக்கு வழி தெரியும்.

சோர்ஸ் கிடைத்ததும் எழுதியவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து எழுதி வாங்கியதால் உரிமை நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதுதான் முதலாளிக்கு. வெளியாள் எழுதித் தந்தால், எழுத்தில் மாற்றித் தராதவரை உரிமை அவருக்கே. அவர் இருக்கும்போது இது ஒரு பக்கக் கடிதம். அவருக்குப் பிறகு வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். அந்தக் கடிதத்துக்கு ஒரு நியாயமான தொகையும் கொடுங்கள்.

எந்தக் கிளிப்பர் என்று பார்க்க சோர்ஸைத் திறந்தாலே போதும். லோக்கல், ஸ்டேட்டிக் அறிவிப்புகளும் வளைவு அடைப்புக்குள் செங்குத்துக் கோடு போட்ட கோட் பிளாக்குகளும் இருந்தால் 5 வரிசை. பிரைவேட், பப்ளிக் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சம்மர் 87 என்ற முந்தைய பதிப்பு. இரண்டையும் ஹார்பர் ஏற்கும்.

ஹார்பரில் 3.0 பழையது, 2011இல் வந்தது. 3.2 வளர்ச்சிப் பதிப்பை எடுங்கள். விண்டோஸ் தொகுப்பில் அதற்கு வேண்டிய சி கம்பைலரும் சேர்ந்தே வரும். எல்லா பிஆர்ஜி பெயர்களையும் வரிக்கு ஒன்றாக ஒரு எச்பிபி கோப்பில் எழுதி, எச்பிஎம்கே2 என்ற கட்டும் கருவியிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. பழைய இணைப்புக் கருவிகளான பிளிங்கர், ஆர்டிலிங்க் எல்லாம் தேவையில்லை, அவை 640 கே நினைவகத்துக்காகப் பட்ட பாடு. முதல் முறை ‘இந்த ஃபங்ஷன் காணோம்’ என்று ஒரு பட்டியல் வரும். பாதிக்கு மேல் கிளிப்பர் டூல்ஸ், நான்ஃபோரம் லைப்ரரிகளில் உள்ளவையாக இருக்கும். ஹார்பரில் எச்பிசிடி, எச்பிஎன்எஃப் என்ற பெயரில் அவை இருக்கின்றன, எச்பிபி கோப்பில் சேர்த்தால் போதும். அசெம்பிளியில் எழுதி ஒட்டியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் புதிதாக எழுத வேண்டும்.

கட்டி முடித்த பிறகு வரும் கோளாறுகள்தான் ஆளைச் சுற்றவிடும். கிளிப்பர் ஒரு பெயரில் முதல் 10 எழுத்தை மட்டும்தான் பார்க்கும், ஹார்பர் முழுப் பெயரையும் பார்க்கும். 11ஆவது எழுத்தில் முப்பது வருடமாக இருந்த எழுத்துப்பிழை அங்கே வேலை செய்தது, இங்கே ‘மாறி இல்லை’ என்று நிற்கும். டபிள்யூ 3 என்ற எச்சரிக்கை நிலையில் கட்டினால் இவை வெளியே வரும். பழைய சோர்ஸில் எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். அசராமல் ஒரு நாளைக்கு ஒரு கோப்பு என்று பாருங்கள். திரையில் பெட்டிக் கோடுகள் கிறுக்கலாக வந்தால் கோட்பேஜ் 437 என்ற டாஸ் எழுத்துத் தொகுப்பு இல்லை என்று அர்த்தம், ஹார்பரில் அதன் பெயர் ‘ஈஎன்’. லினக்ஸில் ஓட்டுவதாக இருந்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டில் கோப்பு கிடைக்காது. ‘செட் ஃபைல்கேஸ் லோயர்’ என்று முதலில் வைத்துவிட்டு, எல்லாக் கோப்புகளுக்கும் சின்ன எழுத்தில் பெயர் மாற்றுங்கள்.

‘செட் எபோக்’ எங்கே இருக்கிறது என்று கட்டாயம் தேடுங்கள். 2000ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காக அவசரத்தில் போட்ட எண் அது. 1930 என்று போட்டிருந்தால், இரண்டு இலக்கத்தில் அடிக்கும் 30 என்ற வருடம் 1930 ஆகும். அதாவது 2030 ஜனவரி 1 அன்று மண்டி நூறு வருடம் பின்னால் போய்விடும். டேட்டா இருக்கும் டிபிஎஃப் கோப்புக்குள் தேதி எட்டு இலக்கமாகவே இருப்பதால் பழைய கணக்குக்கு ஆபத்தில்லை. ‘செட் செஞ்சுரி ஆன்’ போட்டு நாலு இலக்கமாகவே அடிக்கப் பழக்குவது நல்லது.

அடுத்தது பிரிண்டர். நம்ம பக்கம் இந்தப் புரோகிராம்களைக் காப்பாற்றி வைத்திருப்பதே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் என்று சொல்லலாம். மூன்று பிரதி கார்பன் பில் வேறு எதில் வரும்? பழைய சோர்ஸ் எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டுக்கு நேராக அனுப்பும். யூஎஸ்பி பிரிண்டரில் அது போகாது. விண்டோஸில் பிரிண்டரைப் பகிர்ந்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1ஐ அந்தப் பெயருக்கு மாட்டிவிடுவது ஒரு வழி. ஹார்பருக்கு வந்த பிறகு பில்லை ஒரு கோப்பில் எழுதி, ‘வின் பிரிண்ட்ஃபைல்ரா’ ஃபங்ஷனால் அப்படியே அனுப்புவது இன்னும் சுத்தம். பில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவினால் பக்க நீளம் சொல்லவில்லை. 6 அங்குல பில் என்றால், அங்குலத்துக்கு 6 வரியில் 36 வரி. ஆகவே தொடக்கத்தில் 27, 67, 36 என்ற மூன்று எழுத்தெண்களை அனுப்ப வேண்டும். பொடி எழுத்துக்கு 15, அதை நிறுத்த 18. நிறுத்த மறந்தால் அடுத்த ஆள் அடிக்கும் லெட்டரும் பொடியாகவே வரும்.

டேட்டா கெட்டுப்போவதில் இரண்டு வகை. ஒன்று அட்டவணை, அதாவது என்டிஎக்ஸ் கோப்பு கெடுவது. பட்டியலில் விவசாயி பெயர் இருக்கும், தேடினால் ‘இல்லை’ என்று வரும். ரீஇண்டெக்ஸ் போடாதீர்கள். அது கெட்டுப்போன கோப்பின் தலைப்பையே நம்பித் திரும்பக் கட்டும். என்டிஎக்ஸை அழித்துவிட்டு ‘இண்டெக்ஸ் ஆன்’ மூலம் புதிதாகக் கட்டுங்கள். அடிக்கடி கெட்டால் காரணம் நெட்வொர்க். விண்டோஸ் கோப்பு விவரத்தைத் தன்னிடமே கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளையண்ட் மெஷினின் ரெஜிஸ்ட்ரியில் லேன்மேன் ஒர்க்ஸ்டேஷன் அளவுருக்களில் ஃபைல்இன்ஃபோ கேஷ் லைஃப்டைம், ஃபைல்நாட்ஃபவுண்ட் கேஷ் லைஃப்டைம், டைரக்டரி கேஷ் லைஃப்டைம் மூன்றையும் 0 ஆக்க வேண்டும். சர்வர், சாம்பா வழியாகக் கோப்பு பகிரும் லினக்ஸ் என்றால், கோப்பைக் கிளையண்டிடமே பிடித்து வைக்கவிடும் ஆப்லாக்கை டிபிஎஃப், என்டிஎக்ஸ் கோப்புகளுக்கு நிறுத்துங்கள்.

இரண்டாவது, கரண்ட் போய் டிபிஎஃப்பே கெடுவது. இதைக் காகிதத்திலேயே சோதிக்கலாம். 0இலிருந்து எண்ணினால், கோப்பின் 4 முதல் 7 வரையிலான பைட்டுகளில் ரெக்கார்டு எண்ணிக்கை, 8–9இல் தலைப்பின் நீளம், 10–11இல் ஒரு ரெக்கார்டின் நீளம். தலைப்பு 514, ரெக்கார்டு 120, எண்ணிக்கை 20,000 என்றால் கோப்பு 514 + 24,00,000 + 1 = 24,00,515 பைட் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால், வரிகள் எழுதப்பட்டும் எண்ணிக்கை ஏறவில்லை. எண்ணைத் திருத்தினால் காணாமல் போனவை திரும்ப வரும். சின்னதாக இருந்தால் வாலே போய்விட்டது, நேற்றைய பேக்கப்தான் கதி. இதைப் பார்க்காமல், அழித்ததாகக் குறித்த வரிகளை நீக்கும் ‘பேக்’ கட்டளையைத் தட்டுகிறவர்கள் மீட்கக்கூடியதையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள்.

விவசாயிக்குத் தமிழில் பில் தர ஆசைப்படுவீர்கள், தரவும் வேண்டும். ஆனால் கவனம். யூனிகோட் யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 30 அகல ஊர்ப் புலத்தில் ‘ஈரோடு’ 15 பைட், தாராளம். ‘திருப்பூர்’ சரியாக 30. ‘கோயம்புத்தூர்’ 39, ஆகவே ‘கோயம்புத்த’ என்று வெட்டுப்பட்டு நிற்கும். தமிழ்ப் புலத்தை மூன்று மடங்கு அகலமாக்குங்கள், 254ஐத் தாண்டாதீர்கள். அகர வரிசையும் தவறும். யூனிகோடில் ழகரம் வகரத்துக்கு முன்னால் இருப்பதால் பழனிச்சாமி முதலிலும் பவானியம்மாள் பின்னாலும் வருவார்கள். நெடுங்கணக்கு வரிசையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அதைத் தனிப் புலத்தில் எழுதி, அதன்மேல் அட்டவணை கட்டுவதுதான் தீர்வு. பழைய 8 பிட் தமிழ் எழுத்துருவில் இருக்கும் பெயர்களை மாற்றும்போது, மெய்க்கு முன்னால் தட்டிய கொம்பைப் பின்னால் நகர்த்த மறக்காதீர்கள். டாஸ் பாணித் திரையில் தமிழ் ஒழுங்காக வராது. திரையை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, தமிழ் பில்லை எச்டிஎம்எல் ஆக எழுதி பிரவுசர் வழியாக அச்சிடுங்கள். ஹார்பரோடு வரும் பிடிஎஃப் லைப்ரரியில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

ஆள் பஞ்சத்துக்கு வருவோம். இன்ஜினியரிங் முடித்த பையனைத் தேடாதீர்கள், அவன் பெங்களூருக்குப் போய்விடுவான். கோபி, பெருந்துறைப் பக்கம் பி.காம் முடித்து, பற்று வரவு தெரிந்து, உள்ளூரிலேயே இருக்க விரும்புகிற ஒருவர் இந்த மொழிக்குப் போதும். யூஸ், சீக், ரீப்ளேஸ், ஸ்கிப் என்று கட்டளைகளே கணக்குப் புத்தகம் புரட்டுகிற மாதிரிதான் இருக்கும். முதல் இரண்டு வாரம் டிபிஎஃப் அமைப்பும் அட்டவணையும். அடுத்த இரண்டு வாரம் பட்டுவாடா பில்லின் சோர்ஸை மட்டும் வரி வரியாகப் படிக்கட்டும். பிறகு பரீட்சையாக ஒரே வேலை: பில்லில் புதிதாக ஒரு கழிவுப் பத்தி சேர்ப்பது. புலம், திரை, கணக்கு, அச்சு, அறிக்கை என்று ஐந்து இடத்தைத் தொடாமல் அதைச் செய்ய முடியாது. அதை முடித்தவருக்குப் புரோகிராம் பிடிபட்டுவிட்டது.

எழுதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு புலப் பெயருக்கும் விளக்கம் எழுதி வாங்குங்கள். 10 எழுத்துக்குள் சுருக்கிய பெயர்கள் அவை. ‘எஸ்கேடபிள்யூடி’ சாக்கு எடை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். விரலிக்கும் கிழங்குக்கும் கழிவு ஏன் வேறு, எந்த வருடத்தில் எந்தக் கூலி மாறியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கம்பைலர் எங்கேயும் கிடைக்கும். இந்த விவரம் அவர் ஒருவர் தலைக்குள்தான் இருக்கிறது.

ஒரு மண்டியால் ஒரு புரோகிராமரை வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் சோமனூரில் தறிக்கூலிக் கணக்கு, கரூரில் ஜவுளி, நாமக்கல்லில் லாரி ஆபீஸ் என்று இதே மொழியில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள், அவ்வளவுதான். ஐந்தாறு பேர் சேர்ந்தால் கூட்டுக் கிணற்றில் முறை வைத்துப் பாய்ச்சுகிற மாதிரி ஒருவரைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பொதுவாக எழுதி எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில: பிரிண்டருக்கு நேராக அனுப்புவது, தமிழ் அகர வரிசை, ஜிஎஸ்டி பில்லை ஜேசன் என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றுவது, தொகையைத் தமிழில் எழுத்தால் எழுதுவது. கடைசியது பார்க்க எளிது, எழுத உட்கார்ந்தால் தெரியும். 1,25,490 ‘ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு’. நூறு நடுவில் வந்தால் நூற்று, ஆயிரம் வந்தால் ஆயிரத்து. தொண்ணூறும் தொள்ளாயிரமும் எந்த விதிக்கும் அடங்காது. 1 முதல் 99 வரைக்கும், ஒன்பது நூறுகளுக்கும் முடிவு வடிவம், தொடர் வடிவம் என இரண்டு பட்டியல் போட்டுக்கொள்வதே சுருக்க வழி. சோர்ஸைப் பகிரலாம், விவசாயிகள் பெயரும் பாக்கியும் உள்ள டிபிஎஃப்பைப் பகிரக் கூடாது. சோதனைக்குப் பொய்ப் பெயர் போட்ட கோப்பு ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்பரிலேயே பிழை என்று தோன்றினால் அதை எழுதுகிறவர்களுக்கு முழுப் புரோகிராமை அனுப்பாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். பிழையை மட்டும் காட்டும் 20 வரிக்குள் ஒரு பிஆர்ஜி, எந்தப் பதிப்பு, எந்த விண்டோஸ், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. இது போதும். தமிழ் யூனிகோட் பற்றிய சோதனைகளை நம்மைத் தவிர வேறு யார் செய்து தருவார்கள்?

எங்கே விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்டி பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார் எதைத் திருத்தினார் என்ற பதிவு, நிறுத்த முடியாதபடி இருந்தாக வேண்டும். எவர் வேண்டுமானாலும் திறந்து மாற்றக்கூடிய டிபிஎஃப்பில் அதை நிரூபிப்பது கஷ்டம். அப்போது பேரேட்டை டேலி மாதிரி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, லாட், மூட்டை, கழிவு, தரகு கணக்கை மட்டும் கிளிப்பரில் வைத்து, இரவில் எக்ஸ்எம்எல் கோப்பாக அங்கே அனுப்புங்கள். கூட்டு வியாபாரம் அல்லது தனி உரிமை என்றால் இந்த விதி இல்லை. ஆனால் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் 2023 ஆகஸ்ட் 1 முதல் வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் உண்டு. அதற்கான ஜேசன் கோப்பை ஹார்பரிலேயே எழுதலாம்.

மாற்றுவதற்கு ஆடிக்குப் பிறகான மந்த மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள், புது மஞ்சள் வரத்து இருக்கும் மாசி, பங்குனியில் கை வைக்காதீர்கள். போன வருட டேட்டாவின் பிரதி ஒன்றைப் பழைய புரோகிராமுக்கும் இன்னொன்றைப் புதியதற்கும் கொடுங்கள். இரண்டிலும் எல்லா அறிக்கைகளையும் அச்சுக்குப் பதில் கோப்பில் எடுத்து, விண்டோஸின் ‘எஃப்சி’ கட்டளையால் ஒப்பிடுங்கள். அச்சான தேதி தவிர வேறு எந்த வரியும் மாறக் கூடாது. ஒரு பைசா மாறினாலும் அது ரவுண்ட் செய்யும் இடம், அங்கே போய்ப் பாருங்கள்.